துல்லியம் யாருக்கு? கைப்பெட்டியும் கொடைப்பாட்டும்

‘உயர் துல்லிய ஒலி’ என்றொரு சரக்கு பத்துப் பன்னிரண்டு வருஷமாகச் சந்தையில் இருக்கிறது. உள்ளங்கைக்குள் அடங்குகிற பெட்டி. சின்னத் திரை, ஹெட்போன் செருக ஒரு துளை, மெமரி கார்டு நுழைக்க ஒரு பொந்து. விலை ஐயாயிரத்தில் ஆரம்பித்து லட்சத்தைத் தாண்டிப் போகிறது. எல்லாப் பாட்டும் செல்போனிலேயே கிடைக்கிற காலத்தில் இது என்னத்துக்கு என்று கேட்டால், செல்போனில் வருவது பாட்டின் நிழல், இதில் வருவதுதான் பாட்டு என்கிற தொனியில் பதில் வருகிறது. அசல்/நகல் என்ற பழைய இருமை எதிர்வு புது உறை போட்டுக்கொண்டு வந்து நிற்கிறது என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆனால் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாமல் அதன் அரசியலைப் பேசுவது நம்மிடம் ரொம்ப நாளாக இருக்கிற வியாதி.

இந்தப் பேச்சுக்கு ஒரு முகாந்திரம் உண்டு. ஆலங்குளம் பக்கத்து நண்பர் ஒருவரிடம் அறுபது எழுபது கேசட்டுகள் இருக்கின்றன. 1980களிலும் 90களிலும் சுற்றுவட்டாரக் கோயில் கொடைகளில் பதிந்தவை: வில்லுப்பாட்டு, கணியான் கூத்து, நையாண்டி மேளம். இவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, நல்ல பெட்டி ஒன்றில் போட்டு, பாடினவர்களின் பிள்ளைகளுக்கும் ஊர்க்காரர்களுக்கும் கொண்டுபோய்க் கேட்கக் கொடுக்கவேண்டும் என்பது அவர் திட்டம். ‘இருபத்தஞ்சாயிரம் சேத்து வச்சிருக்கேன், உயர் துல்லியப் பெட்டியா வாங்கிருவமா?’ என்று கேட்கிறார். இதற்கு ஆமாம், இல்லை என்று பதில் சொல்ல முடியாது. அந்த இருபத்தைந்தாயிரம் எங்கே போய்ச் சேரவேண்டும் என்பதுதான் கேள்வி.

முதலில் எண்கள். ஒலி என்பது காற்றின் அதிர்வு. அந்த அதிர்வின் அளவை ஒரு நொடிக்கு இத்தனை தடவை என்று அளந்து எண்களாக எழுதி வைப்பதே டிஜிட்டல் பதிவு. 1982-இல் வந்த சி.டி.யில் நொடிக்கு 44,100 தடவை அளக்கிறார்கள். ஒவ்வொரு அளவையும் 16 பிட் எண்ணாக எழுதுகிறார்கள். உயர் துல்லியம் என்று முத்திரை குத்தப்படுவது பெரும்பாலும் நொடிக்கு 96,000 தடவை, 24 பிட். 192,000 வரை போவதும் உண்டு. எண் பெரிதானால் ஒலி நல்லதாகத்தானே இருக்கவேண்டும்? விளம்பரப் படங்களில் இதைப் படிக்கட்டு மாதிரி வரைந்து காட்டுவார்கள்: சி.டி.க்குக் கரடுமுரடான படிகள், உயர் துல்லியத்துக்கு நுணுக்கமான படிகள். இந்தப் படம் பொய். புள்ளி வைத்துப் போடுகிற கோலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கோலத்தில் அதே புள்ளிகளுக்குப் பத்துவிதமாகக் கோடு இழுக்கலாம். இங்கே ‘இன்ன அதிர்வெண்ணுக்கு மேலே எதுவும் கிடையாது’ என்று ஒரு விதியைச் சேர்த்துவிட்டால், அந்தப் புள்ளிகளுக்கு ஒரேயொரு கோலந்தான் சாத்தியம். 1928-இல் நைக்விஸ்டும் 1949-இல் ஷானனும் வகுத்துச் சொன்ன கணக்கு இது. வெளியே வரும் மின்னலையில் படிக்கட்டு கிடையாது. வளைவு வளைவாகவேதான் வரும். 44,100 தடவை அளந்தால் 20,000 அதிர்வு வரையிலான எல்லா ஒலியையும் முழுசாகத் திரும்பப் பெறலாம். மனிதக் காது கேட்பது அதிகபட்சம் அவ்வளவுதான், அதுவும் சின்ன வயசில். நாற்பது ஐம்பதைத் தாண்டினவர்களில் பலருக்குப் பதினைந்தாயிரமே எட்டாது.

பிட் என்பது வேறு விஷயம். ஆகப்பெரிய சத்தத்துக்கும், அடியில் கிடக்கிற இரைச்சலுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்பதை அது தீர்மானிக்கிறது. ஒரு பிட்டுக்குச் சுமார் 6 டெசிபல். 16 பிட்டுக்கு 96; 24 பிட்டுக்குக் கணக்குப்படி 144. ஆனால் எந்த மின்சுற்றும் 144-ஐத் தொட்டதில்லை, 120 சொச்சத்தில் நின்றுவிடும். சத்தமில்லாத வீட்டு அறையிலேயே 30 டெசிபல் இரைச்சல் இருக்கும். அதற்கு மேலே 96-ஐ ஏற்றினால் காது வலிக்கிற எல்லை தாண்டிவிடும். திருநெல்வேலி-தென்காசி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஹெட்போனில் கேட்கிறவருக்கு இந்த 96-இல் பாதி கிடைத்தாலே பாக்கியம்.

சோதித்துப் பார்த்தும் இருக்கிறார்கள். 2007-இல் மேயர், மோரன் என்ற இருவர் உயர் துல்லியப் பதிவுகளை அப்படியே ஒரு தடவையும், நடுவில் சி.டி. தரத்துக்கு இறக்கி ஒரு தடவையுமாக, எது எதென்று சொல்லாமல் போட்டுக்காட்டினார்கள். 554 தடவையில் சரியாகக் கண்டுபிடித்தது 276. காசைச் சுண்டிப் போட்டாலும் அவ்வளவுதான் வரும். 2016-இல் ஜோஷ்வா ரீஸ் என்பவர் இம்மாதிரிச் சோதனைகள் 18-ஐச் சேர்த்துக் கணக்குப் பார்த்ததில், பன்னிரண்டாயிரத்துச் சொச்சம் முயற்சிகளில் 52.3 சதவீதம் சரியாக வந்தது. பயிற்சி பெற்ற காதுகளுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதல். ஆக வித்தியாசமே இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது. ஏதோ நூலளவு இருக்கலாம். அந்த நூலைப் பிடித்துத்தான் தேர் இழுக்கிறார்கள்.

அந்தத் தேர்களில் இரண்டைப் பார்க்கலாம். 2014-இல் பாடகர் நீல் யங், ‘போனோ’ என்று முக்கோண வடிவப் பெட்டி ஒன்றை அறிவித்தார். ஜனங்களிடமே முன்பணம் திரட்டியதில் 62 லட்சம் டாலர் சேர்ந்தது. பெட்டி 399 டாலர். எம்.பி.3 இசையின் ஆன்மாவைக் கொன்றுவிட்டது, இது மீட்கும் என்பது பேச்சு. 2017-இல் கடையைக் கட்டிவிட்டார்கள். இன்னொன்று அதே 2014-இல் வந்த எம்.க்யூ.ஏ. என்கிற கோப்பு வடிவம். இதன் விசேஷம், கருவியில் ஒரு சின்ன விளக்கு எரியும். எரிந்தால், நீங்கள் கேட்பது ஸ்டூடியோவில் கலைஞர் ஒப்புக்கொண்ட அசல்தான் என்று சான்று. அந்த வடிவமே ஒலித் தகவலில் கொஞ்சத்தைக் கழித்துவிட்டுத்தான் சுருக்குகிறது என்பதைப் பொறியாளர்கள் பிற்பாடு பிரித்துக் காட்டினார்கள். 2023-இல் கம்பெனி நொடித்து வேறு கைக்குப் போயிற்று. வால்டர் பெஞ்சமின் 1936-இல் இயந்திரப் பிரதிகளால் கலைப்படைப்பின் ஒளிவட்டம் மங்கிப்போகும் என்றார். பாருங்கள், ஒளிவட்டத்தைத் தனியே ஒரு எல்.இ.டி. பல்பாகவே செய்து விற்றுவிட்டார்கள்.

அப்படியென்றால் ‘எனக்கு வித்தியாசம் கேட்குதே’ என்கிறவர்கள் பொய் சொல்கிறார்களா? இல்லை. பெரும்பாலும் அவர்கள் கேட்பது வேறு வித்தியாசம். உயர் துல்லியப் பதிப்பு என்று வெளியிடும்போது பழைய நாடாவிலிருந்து புதிதாக எடுத்து, புதிதாகச் சமன் செய்கிறார்கள். 1990களிலிருந்து சி.டி.க்களில் எல்லா ஒலியையும் ஒரே உயரத்துக்கு நெருக்கித் தள்ளிச் சத்தமாக்குகிற பழக்கம் வந்தது. மெதுவான இடமும் சத்தம், சத்தமான இடமும் சத்தம். புதுப் பதிப்பில் அந்த நெருக்கல் குறைந்திருந்தால் யார் காதுக்கும் தெரியும். 2008-இல் மெட்டாலிகாவின் ‘டெத் மேக்னெட்டிக்’ தொகுப்பின் பாட்டுகள் சி.டி.யில் இருந்ததைவிட ஒரு விளையாட்டு மென்பொருளில் நன்றாக இருப்பதை ரசிகர்களே கண்டுபிடித்தார்கள். காரணம், விளையாட்டுக்குக் கொடுத்த பிரதி நெருக்கப்படாதது. பிட் கணக்கு அங்கே ஒரு பொருட்டே இல்லை. இது கருவி செய்கிற வேலையல்ல, கலவை மேசையில் உட்கார்ந்திருக்கிற ஆள் செய்கிற வேலை.

இப்போது நம்ம ஊருக்கு வருவோம். ஆலங்குளத்திலிருந்து தென்காசி தாண்டினால் செங்கோட்டை. நாடக நடிகர் எஸ். ஜி. கிட்டப்பா 1906-இல் பிறந்த ஊர். 1933-இல், இருபத்தேழு வயசில் செத்துப்போனார். சினிமாவில் நடிக்கவில்லை. அவர் குரல் நமக்கு மிச்சமிருப்பது நிமிஷத்துக்கு 78 சுற்று சுழல்கிற அரக்குத் தட்டுகளில் மட்டும், பக்கத்துக்கு மூன்று நிமிஷம் சொச்சம். மின்சார மைக் வந்த 1920களின் பிற்பகுதிக்குப் பிறகும் அந்தத் தட்டுகளில் ஐயாயிரம் ஆறாயிரம் அதிர்வுக்கு மேலே உருப்படியாக எதுவும் ஏறாது. இதை லட்ச ரூபாய்ப் பெட்டியில் போட்டாலும் ஆறாயிரம் ஆறாயிரந்தான். ஆனால் அந்தத் தட்டை டிஜிட்டலுக்கு மாற்றுகிறவர் 96,000-இல்தான் மாற்றவேண்டும் என்பதற்குக் காரணம் இருக்கிறது. கீறல் போடுகிற ‘டிக் டிக்’ ஒலி பாட்டின் எல்லையைத் தாண்டி ரொம்ப உயரம் போகிறது. அந்த உயரம் பதிவாகியிருந்தால் பாட்டு எது, கீறல் எது என்று மென்பொருள் எளிதாகப் பிரித்து நீக்கும். காதுக்கு எட்டாத அந்தப் பகுதி கேட்கிறவருக்கு எந்தப் பிரயோஜனமும் இல்லாதது. துடைக்கிறவருக்கு அதுதான் பிடிமானம்.

இதுதான் என் வாதத்தின் மையம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உயர் துல்லியம் பதிகிறவனுடைய தேவை. அதைக் கேட்கிறவனுக்கு விற்கிறார்கள்.

கொடையில் பதிவு செய்தவர்களுக்கு இது உடனே விளங்கும். கணியான் கூத்தில் மகுடம் என்ற தோல்கருவி இரண்டு: உச்சம் ஒன்று, மந்தம் ஒன்று. தீயில் காய்ச்சிச் சுருதி ஏற்றுகிறார்கள். அண்ணாவி கதை சொல்லும்போது மெல்லத் தட்டிக்கொண்டிருக்கும் மகுடம், சுடலை வரவேண்டிய கட்டம் வந்ததும் அறைகிற அறையில் கேசட் ரிக்கார்டரின் முள் சிவப்புக்குப் போய் ஒட்டிக்கொள்ளும். அந்த இடத்தில் பதிவாவது மகுடமல்ல, ரிக்கார்டரின் திணறல். அறைக்குப் பயந்து அளவைக் குறைத்து வைத்தாலோ கதை சொல்கிற குரல் நாடா இரைச்சலுக்குள் முங்கிவிடும். சாதாரணக் கேசட்டின் வீச்சு ஐம்பது ஐம்பத்தைந்து டெசிபல், பிட் கணக்கில் ஒன்பது. 24 பிட்டில் பதிகிறவருக்கு இந்தச் சங்கடம் கிடையாது. அளவை 20 டெசிபல் இறக்கி வைத்துவிட்டு நிம்மதியாக உட்கார்ந்து கூத்துப் பார்க்கலாம்; பிற்பாடு ஏற்றிக்கொள்ளலாம். 2019-இலிருந்து 32 பிட் மிதவைப் புள்ளியில் பதிகிற கையடக்கப் பதிவுக்கருவிகள் வந்திருக்கின்றன. அளவு வைக்கிற வேலையே அதில் ஏறக்குறைய இல்லை. இருபத்தைந்தாயிரத்தில் அப்படியொன்றை வாங்கிவிட்டு மிச்சமும் வைக்கலாம்.

இன்னொரு சிக்கலும் இங்கே இருக்கிறது, அசல் எது என்பது. ஒலித்துல்லியம் என்ற சொல்லாடலே எங்கோ ஒரு சுத்தமான அசல் ஒலி இருக்கிறது, கருவி அதற்கு விசுவாசமாக இருக்கவேண்டும் என்ற கற்பிதத்தின் மேல் நிற்பது. ஜோனதன் ஸ்டெர்ன் 2003-இல் எழுதிய நூலில் இதைத் திருப்பிப் போட்டார்: பதிவு என்ற ஒன்று வந்த பிறகுதான் ‘அசல்’ என்ற ஒன்றே உண்டாயிற்று, பாடகர் மைக்குக்காகவே பாடுகிறார், அந்த அறை மைக்குக்காகவே கட்டப்பட்டது. கொடைக்கு இது இன்னும் நன்றாகப் பொருந்தும். வில்லுப்பாட்டை நம் ஜனங்கள் நேரடியாக வில்லிலிருந்து கேட்டதைவிட, வேப்பமரத்தில் கட்டின குழாய் ஒலிபெருக்கியிலிருந்து கேட்டதே அதிகம். அந்தக் குழாய் அடியொலியையும் மேலொலியையும் நறுக்கிவிட்டு, நடுவில் உள்ளதைக் கத்திமாதிரித் தீட்டி நாலு ஊருக்கு அனுப்பும். குடத்தின் உறுமல் பந்தலில் உட்கார்ந்தவர்களுக்கு மட்டும். வில்லின் மணியும் புலவர் குரலும் ஊருக்கெல்லாம். விடியக்காலம் மூன்று மணிக்கு வயக்காட்டைத் தாண்டி வரும் அந்தக் குழாய்க் குரல்தான் பலருக்கு வில்லுப்பாட்டு. ஸ்டூடியோவில் பதிந்த வில்லிசையைப் போட்டுக்காட்டினால், ‘நல்லாத்தான் இருக்கு, ஆனா கொடை மாதிரி இல்லியே’ என்பார்கள். அவர்கள் காது மழுங்கியதல்ல, அவர்களுடைய அசல் வேறு.

எதற்கு நல்ல பதிவு வாய்த்தது என்பதும் ஒரு வரலாறுதான். சுப்பு ஆறுமுகத்தின் வில்லிசைக்கு வானொலி நிலையமும் சபா மேடையும் கிடைத்தன. காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரம் 1962-இல் ‘கொஞ்சும் சலங்கை’ வழியாகத் தமிழ்நாடு முழுக்கப் போயிற்று. இருவரும் அதற்குத் தகுதியானவர்களே. ஆனால் சுடலைமாடன் கோயில் கணியானுக்குக் கிடைத்தது யாரோ ஒருவர் துபாயிலிருந்து கொண்டுவந்த டேப்ரிக்கார்டர், ஒற்றை மைக், ஏற்கெனவே சினிமாப் பாட்டு பதிந்த கேசட். உயர் துல்லியம் என்ற முத்திரையோடு விற்கிற பட்டியல்களைப் புரட்டிப் பாருங்கள்: மேற்கத்திய செவ்வியல், ஜாஸ், ராக், தமிழென்றால் சினிமா. அதில் மகுடத்தைத் தேடிப் பாருங்கள். துல்லியம் என்பது ஒலியின் குணம் மட்டுமில்லை. யாருடைய ஒலியை யார் எந்த மைக் முன்னால் உட்காரவைத்தார்கள் என்பதன் எச்சமும்கூட.

எம்.பி.3-யைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதைத் திட்டுவது இப்போது நாகரிகமாகிவிட்டது. காதுக்குக் கேட்காது என்று கருதுகிற பகுதிகளைக் கழித்துவிட்டு ஒலியைப் பத்தில் ஒரு பங்காகச் சுருக்குகிற முறை அது. கேட்காது என்று யார் காதை வைத்து முடிவு செய்தார்கள்? ஜெர்மானியப் பொறியாளர்கள் அதைச் சரிபார்க்க எடுத்துக்கொண்ட ஒலிகளில் அமெரிக்கப் பாடகி சூசன் வேகா துணைக்கருவி இல்லாமல் பாடின ஒரு பாட்டு பிரசித்தம். காஸ்டனெட் என்கிற ஸ்பெயின் தேசத்துக் கைக்கட்டை இன்னொன்று. திடீரென்று விழுகிற அடிக்கு முன்னால் ஒரு பொருமல் முந்திக்கொண்டு வருவது இந்த முறையின் பிறவிக் குறை. கைக்கட்டை அதைக் காட்டிக்கொடுத்தது. மகுடமும் தவிலும் பம்பையும் அந்த ஜாதிதான். 128 கிலோபிட்டுக்கு இறக்கின கொடைப் பதிவில் வில்மணிகள் சலசலவென்று தண்ணீர் ஓடுகிற மாதிரிக் கேட்பதும் இதனால்தான். செல்போன் கடைகளில் மெமரி கார்டில் ‘பாட்டு ஏத்திக் குடுத்த’ காலத்துப் பிரதிகள் பலதும் இந்த ரகம். அதே முறையில் 256, 320 என்று வைத்தால் இந்தப் பொருமல் அநேகமாகக் காணாமல் போகும். எதையும் கழிக்காமல் சுருக்குகிற எஃப்.எல்.ஏ.சி. என்ற வடிவம் 2001-இலிருந்து இலவசமாகவே கிடைக்கிறது. ஆறு மணி நேரக் கொடையை 96,000/24-இல் அப்படியே வைத்தால் சுமார் 12.4 ஜி.பி.; 128 கிலோபிட்டில் சுருக்கினால் 350 எம்.பி.க்கும் குறைவு. வைப்புக்கு முதலாவது. ஊருக்குக் கொடுக்க இரண்டுக்கும் நடுவே ஒன்று.

கேட்கிறவர் யார் என்று இந்தப் பெட்டி நினைத்துக்கொண்டிருக்கிறது? தனியாள். காதை மூடிக்கொண்டவர், கண்ணை மூடிக்கொள்ளவும் நேரம் உள்ளவர். 1979 ஜூலையில் ஜப்பானில் வந்த முதல் சோனி வாக்மேனில் ஹெட்போனுக்கு இரண்டு துளைகள் இருந்தன. இருவர் சேர்ந்து கேட்க. ஒருவரோடு ஒருவர் பேச ஒரு பொத்தான்கூட இருந்தது. அடுத்தடுத்த மாதிரிகளில் இரண்டாவது துளை காணாமல் போயிற்று. தனியே கேட்பது மரியாதைக் குறைவு என்று முதலில் தயங்கினவர்கள், அதுதான் விற்பனையாகிறது என்று கண்டுகொண்டார்கள். ஆலங்குளம் வட்டாரத்தில் இதற்கு நேர் எதிரான ஒரு கேட்டல் இருந்தது, இன்னும் இருக்கிறது. மடியில் தட்டை வைத்துப் பீடி சுற்றுகிற பெண்கள். கையும் கண்ணும் இலையில், காது மட்டும் சும்மா. திண்ணையில் நாலைந்து பேருக்கு நடுவே ஒரு ரேடியோ: இலங்கை வானொலி, 1963-க்குப் பிறகு திருநெல்வேலி வானொலி. மத்திய அலையில் ஐயாயிரம் அதிர்வுக்கு மேலே வராது. அதைக் கேட்டுத்தான் ஒரு தலைமுறை பாட்டை வரிவரியாக மனப்பாடம் செய்தது. கியூபாவின் சுருட்டு ஆலைகளில் 1865 முதல் ஒருவர் உயரத்தில் உட்கார்ந்து நாவலும் பத்திரிகையும் வாசித்துக் காட்டுகிற வழக்கம் உண்டு. கண்ணூர் தினேஷ் பீடி கூட்டுறவிலும் தொழிலாளர்களுக்குச் செய்தித்தாள் வாசித்தார்கள். வேலைக்காது ஒரு கூட்டுக்காது. அதன் காதில் ஆளுக்கொரு ஹெட்போனைச் செருகினால் முதலில் போவது பேச்சு. நண்பர் கொண்டுபோகப் போவது இந்தத் திண்ணைக்குத்தான்.

ஆகவே பெட்டி எப்படி இருக்கவேண்டும் என்று இப்போது சொல்லலாம். விளம்பரத்தின் முதல் வரியில் இருப்பவை (384,000, 32 பிட், இரட்டை மாற்றிகள்) எதையும் பார்க்கவேண்டாம். இன்றைக்கு மூவாயிரம் ரூபாய்ப் பெட்டிக்குள் இருக்கிற மாற்றிச் சில்லே காதுக்குப் போதுமானது. 2016-இல் ஐபோனில் ஹெட்போன் துளையை அடைத்தார்கள், மற்றவர்களும் பின்னாலேயே அடைத்தார்கள். இந்தப் பெட்டிச் சந்தை பெருத்ததற்கு அதுவும் ஒரு காரணம். செல்போனில் செருகுகிற ஆயிரம் ரூபாய்ச் சுற்றில் விற்கிற சின்ன ஒட்டுக்கம்பி ஒன்று அந்தத் துளையைத் திருப்பித் தந்துவிடும், ஒலியிலும் குறை சொல்ல முடியாது. அதற்கு மேலே காசு இருந்தால் ஹெட்போனில் போடுங்கள். ஒலியின் குணம் மாறுவது அங்கேதான், ஆளுக்கு ஆள் தெரிகிற அளவுக்கு. ஒரு சின்னக் கணக்கு மட்டும் ஞாபகத்தில் இருக்கட்டும்: பெட்டியின் வெளியீட்டு மின்தடையைப் போல எட்டு மடங்காவது ஹெட்போனின் மின்தடை இருக்கவேண்டும். காதுக்குள் செருகுகிற ரகம் 16 ஓம் என்றால் பெட்டி 2 ஓமுக்குள். இது பிசகினால் அடியொலி வீங்கும். வயரில்லாமல் புளூடூத்தில் கேட்பதானால் உயர் துல்லியம் என்ற பேச்சையே விட்டுவிடலாம். அதில் பெரிதாகச் சொல்லப்படுகிற எல்டாக் முறையே நொடிக்கு 990 கிலோபிட். 96,000/24 ஒலிக்கு வேண்டியது 4,608. வாங்கின துல்லியத்தைக் காற்றிலேயே விட்டுவிடுகிற ஏற்பாடு அது.

பார்க்கவேண்டியவை வேறு. மெமரி கார்டு துளை கட்டாயம், உள்ளேயே அடைத்து வைக்கிற பெட்டி வேண்டாம். கோப்புறை கோப்புறையாக நாமே அடுக்கினபடி காட்டவேண்டும். சும்மா ஒரு கம்பியில் இணைத்தால் கம்ப்யூட்டர் அடையாளம் காணவேண்டும். தனி மென்பொருள், தனிக் கணக்கு, மாதச் சந்தா என்று கேட்பதாக இருந்தால் தொடாதீர்கள். இணையத்தில் ஓடுகிற பாட்டுச் சேவைகளில் இன்றைக்கு இருக்கிற பாட்டு நாளைக்கு இருக்காது, நம்மிடம் சொல்லிக்கொண்டும் போகாது. தொடுதிரையைவிடப் பொத்தான் நல்லது. பீடித்தூள் ஒட்டின கைக்கு அதுதான் சரிப்படும். இரண்டு பாட்டுக்கு நடுவே இடைவெளி விடாத பெட்டியாக இருக்கட்டும். இல்லையென்றால் ஆறு மணி நேரக் கூத்தைத் துண்டுபோட்டு வைத்தால் ஒவ்வொரு துண்டிலும் தாளம் தடுக்கும். பாட்டரி மாற்றக் கிடைக்குமா என்று கேளுங்கள். ஐந்து வருஷத்தில் பெட்டி செத்துப்போவது பெரும்பாலும் அதனால்தான். திண்ணைக்கு வேண்டியது ஒரு ஒலிபெருக்கி. 2017-இல் சரிகம கம்பெனி, ஐயாயிரம் பழைய பாட்டு ஏற்றிய ‘கார்வான்’ என்ற ரேடியோ மாதிரிப் பெட்டியை விற்றபோது வீட்டுப் பெரியவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். எந்தத் துல்லியக் கணக்கும் அதில் பேசப்படவில்லை. திருகுகிற குமிழும் எல்லோருக்கும் கேட்கிற வாயும் இருந்தன. கூடவே யு.எஸ்.பி. துளையும் இருந்தது. நம்முடைய கோப்பை அதில் செருகிக் கொடுத்தால் வேலை முடிந்தது.

நண்பரின் காசில் பெரும்பங்கு போகவேண்டிய இடம் இதுவல்ல, கேசட்டுகள். முப்பது நாற்பது வருஷ நாடா. அழுத்தித் தருகிற பஞ்சுத் துண்டு பசை விட்டு விழுந்திருக்கும். திருகைக் கழற்றி மாற்றலாம். பூஞ்சை வெள்ளையாகத் தெரிகிற கேசட்டைச் சுத்தம் செய்யாமல் போட்டால் கருவியின் தலையில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும். நல்ல நிலையில் உள்ள பழைய டெக் ஒன்றைத் தேடிப் பிடிப்பதே இன்றைக்குப் பெரிய செலவு. அதில் தலையின் சாய்வைச் சரிசெய்கிற ஒரு சின்ன ஆணி உண்டு. பதிந்த ரிக்கார்டரின் சாய்வும் போடுகிற டெக்கின் சாய்வும் ஒத்துவராவிட்டால் மேலொலி முழுக்க மங்கிப்போகும். ஒவ்வொரு கேசட்டுக்கும் அந்த ஆணியை இம்மியளவு திருகி, வில்மணி எப்போது பளிச்சென்று வருகிறது என்று காதை வைத்துக் கேட்கவேண்டும். லட்ச ரூபாய்ப் பெட்டி தராத துல்லியத்தை இந்த ஒரு ஆணி தரும், மிகையில்லை. பிறகு 96,000/24-இல் மாற்றுங்கள். ஒலி ஆவணக் காப்பகங்களின் சர்வதேசச் சங்கம் குறைந்தது 48,000/24 என்கிறது, 96,000 வழக்கமாகிவிட்டது. ஒன்பது பிட் கேசட்டுக்கு இவ்வளவு எதற்கு என்றால், அந்த நாடா இன்னொரு தடவை ஓடும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. இரைச்சலை நீக்குகிற வேலையை மூலக் கோப்பில் செய்யவே கூடாது, பிரதியில் செய்துகொள்ளலாம். கூட்டத்தின் சத்தம், குலவை, நடுவில் மைக்கைப் பிடுங்கி ‘வெளக்கெண்ணெ ஊத்துற அம்மாமாரு இந்தப் பக்கம் வாங்க’ என்று யாரோ கூப்பிடுவது எல்லாம் மென்பொருளுக்கு இரைச்சல்.

மூன்று பிரதி, மூன்று இடத்தில். ஒன்று ஊரிலேயே இருக்கட்டும். ஒன்றைப் பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரி நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் மாதிரி இதற்கென்றே இருக்கிற இடத்தில் கேட்டுப் பார்க்கலாம். ஆனால் இணையத்தில் ஏற்றுவதற்கு முன்னால் பாடினவர்களிடமோ அவர்கள் பிள்ளைகளிடமோ கேட்டாகவேண்டும். கணியான் கூத்து அந்தச் சமூகத்தின் சோறு. கோயிலில் அழைத்தால்தான் வருமானம். முழு ராத்திரியையும் இலவசமாக வெளியே விட்டுவிட்டு ‘கலையைக் காப்பாற்றினோம்’ என்று நாம் எழுதிக்கொள்ள முடியாது. சில பகுதிகள் கோயிலுக்கு வெளியே பாடக்கூடாதவை என்று அவர்கள் சொன்னால், அதை எடுத்துத் தனியே பூட்டி வைக்கவேண்டியதுதான். ஆவணம் எல்லோருக்கும் திறந்திருக்கவேண்டும் என்ற நம்முடைய ஜனநாயகக் கொள்கை இந்த இடத்தில் அவர்களிடம் அனுமதி கேட்டு நிற்கிறது.

கேசட் அட்டைகளில் பெரும்பாலும் கோயில் பேரும் வருஷமும்தான் எழுதியிருக்கும், மிஞ்சிப்போனால் அண்ணாவி பேர். உச்ச மகுடம் அடித்தது யார், மந்தம் யார், வில்லில் குடம் அடித்தது யார், பின்பாட்டு யார் என்பதை, தெரிந்தவர்கள் இருக்கும்போதே போட்டுக்காட்டிக் கேட்டு, கோப்பின் பேரோடு சேர்த்துத் தமிழில் எழுதி வைக்கவேண்டும். பல பெட்டிகளின் திரையில் தமிழ் கட்டங்கட்டமாகத்தான் வருகிறது, அல்லது கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமுமாகப் பிரிந்து நிற்கிறது. வாங்கும்போது அப்படிப் பேர் எழுதின ஒரு கோப்பைக் கார்டில் கொண்டுபோய், கடைக்காரர் முன்னாலேயே போட்டு, மகுடம் அடித்தவர் பேர் ஒழுங்காக வருகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.